சுத்தபோசன மீன்

மீன் ரத்தம் தொட்டால் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

வெயிலில் வைத்துக் கொண்டுவந்திருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார் தேவசகாயம். அரியலூர்ப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் அவர். கொள்ளிடத்து மீன்களின் ரத்தத்தைச் சோதிப்பது ஒரு பைத்தியம். மீன்காரன் அய்யம்பெருமாள் வெள்ளிக்கிழமைதோறும் உயிர்மீன் கொண்டுவருவான். வாலில் ஊசியேற்றி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, மீனைச் சமையலுக்குக் கொடுத்துவிடுவார். வெள்ளி கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம், மாமிசம் கூடாது, மீன் கூடும்.

இன்றைக்கு வாளையைக் கொடுக்கும்போதே அவன் முகம் சரியில்லை.

"இத நான் புடிக்கலைங்கய்யா. போன மாசம் அம்மா வழுக்கி விழுந்தாங்கல்ல, ஏலாக்குறிச்சி மடு, அங்கனயே கரையோரமா சுத்திக்கிட்டு கெடந்துச்சு. கைய நீட்டுனேன், அதுவா வந்துடுச்சுங்க."

கொள்ளிடத்தில் ஆழமான பள்ளம் அது. மனைவி மரிய புஷ்பத்தை வெளியே இழுத்துப் போட்டபோது மூச்சே இல்லை. மாதாவே, இவளை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று கரையில் புரண்டு கதறினார். பிழைத்தாள். அதற்குப் பிறகு பேச்சுக் குறைந்துவிட்டது, தொட்டால் உடம்பு சில்லென்கிறது. பயந்த உடம்பு, தேறிவிடும் என்றிருந்தார்.

அடுப்படியில் புளி கொதிக்கும் வாசனையும், சாம்பல் போட்டு மீனைத் தேய்க்கும் சரசரப்பும், அரிவாள்மனை கறகறவென்று அறுக்கும் சத்தமும் வந்துகொண்டிருக்க, வெளிச்சம் போவதற்குள் மைக்ராஸ்கோப்பை மேற்கு ஜன்னலுக்குத் திருப்பிக் குனிந்து பார்த்தார். மீனின் ரத்த அணு நீள்வட்டமாக இருக்கும், நடுவில் மைப்பொட்டு மாதிரி ஒரு கரு. இதில் ஒன்றுக்கும் கருவே இல்லை. எல்லாம் வட்டம்.

மனித ரத்தம்.

சே, நம் விரலையே குத்திக்கொண்டோமோ! திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயமில்லை.

"என்னங்க, கைய அறுத்துக்கிட்டேன்."

ஓடினார். புஷ்பத்தின் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. அவள் முகத்தில் வலியே இல்லை. பிடித்துத் துடைத்தார். அவர் உள்ளங்கையில் பட்ட ரத்தம் சில்லென்றிருந்தது.

அதைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றிக்கொண்டு மேஜைக்கு வந்தார். குனிந்தார்.

நீள்வட்டம். நடுவில் கரு. எல்லாவற்றிலும்.

ஐயோ, மாதாவே.

மெல்ல அடுப்படி வாசலுக்குப் போனார். துண்டுகள் சட்டியில் இருந்தன.

"புஷ்பம்... அந்த மீன் வேணாம்மா."

"ஏங்க? மீனு மாமிசத்துல சேராதுல்ல."

அவரையே பார்த்தாள். இமைக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் அவள் இமைத்து அவர் பார்த்ததாகவே நினைவில்லை.

மீனுக்கு இமை கிடையாது.

அரிவாள்மனைக்குக் கீழே வெட்டுப்பட்ட தலை கிடந்தது. வாய் திறந்தது. மூடியது. எதையோ சொல்லப் பார்த்தது.

அவரைக் கண்டதும் அழுதுகொண்டே இமைத்தது.