கடித்தது எந்த நாய்?

டெலிபோன் அலறியது.

காலை எட்டு பத்து. ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தின் விலங்குப் பிரிவு. கஸ்தூரி வாயில் வைத்த தோசையோடு ரிசீவரை எடுத்தாள்.

"விலங்குப் பிரிவு..."

"இன்ஸ்பெக்டர் யோகேந்திரன் பேசறேன்."

தோசை தொண்டையில் நின்றது. தாலி கட்டிய கணவன். மூன்று நாளாக அவள் முகம் கொடுத்துப் பேசாத கணவன்! அவள் தங்கை வீட்டுப் புதுமனை விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன குற்றவாளி!

"சொல்லுங்க இன்ஸ்பெக்டர்."

"ஒரு பொணம். ஒரு நாய். பொணத்தை நான் பாத்துக்குவேன்... நாய் யாரையும் கிட்ட விட மாட்டேங்குது. நீ கொஞ்சம் வர்றியா?"

"'வர்றியா'வா? அரசாங்க வேலைக்கு மரியாதை உண்டு."

ஒரு பெருமூச்சு. "வாங்க மேடம். தாமான் மெலூர் இண்டா. மூலை வீடு."

வைத்துவிட்டான்.

* * *

நாய் பிடிக்கும் லோரி போய் நின்றபோது வாசலில் போலீஸ் கார். ஒட்டினாற்போல் இருந்த வீடு காலி. எதிரே விளையாட்டுத் திடல்.

சமையலறையில் திலகம் டீச்சர் கிடந்தாள். வயது அறுபத்திரண்டு. சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உறைந்த ரத்தம். தலைக்குக் கீழேயும் ரத்தம்...

அவள் கால்மாட்டில் ஒரு பழுப்பு நிற நாய். உடம்பு நடுங்க, உறுமிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி சுருக்குக் கழியை வெளியிலேயே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். நாயின் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள்.

"என்னடா பயலே... ராத்திரி பூராவும் நீ தனியா காவலா? போதும்டா. நான் இருக்கேன்."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

நாய் தள்ளாடி வந்து அவள் மடியில் முகம் வைத்தது. மெல்லக் கயிற்றை மாட்டினாள். கழுத்துப் பட்டையில் மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் வில்லை ஆடியது.

"என்கிட்ட இவ்வளவு பொறுமையா ஒரு நாளாவது பேசியிருக்கியா?" என்றான் யோகேந்திரன் மெதுவாக.

"நாய் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துல இருக்கும் இன்ஸ்பெக்டர்."

கான்ஸ்டபிள் இருமுவதுபோல் சிரித்தான். நாய் நகர்ந்ததும் போலீஸ் டாக்டர் பிணத்தைப் பரிசோதித்தார்.

வாசல் படியில் ஓர் இளைஞன் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தான். ஜீவன். டீச்சரின் அண்ணன் மகன். பெற்றோர் போனபின் அத்தைதான் வளர்த்தாள். சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் வேலை.

"காலையில மோட்டார்ல திரும்பி வந்தேன் சார். கேட் பூட்டியிருந்துச்சு. சாவி போட்டுத் திறந்தேன். அத்தை... அத்தை..."

"சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?" என்றான் யோகேந்திரன்.

"அத்தைகிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

"டாக்டர் சொல்றார், நேத்து சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழுக்குள்ள உயிர் போயிருக்கு. நீ எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"அஞ்சே முக்கால்..."

"சண்டை போட்டுட்டுத்தான் கிளம்பினான்!"

கேட் பக்கமிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

சிற்றம்பலம். அறுபத்து நாலு வயது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர். இரண்டு தெரு தள்ளி வீடு. இஸ்திரி கலையாத சட்டை. வலது முன்கையில் வெள்ளைக் கட்டு.

"ஃபீல்டுல வாக்கிங் போயிட்டிருந்தேன். இந்தப் பையன் கத்துனது தெரு முழுக்கக் கேட்டுச்சு. 'இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்'னான். பொய்யா தம்பி?"

ஜீவன் தலை குனிந்தான்.

"சிங்கப்பூர்லயே, உட்லண்ட்ஸ்ல ரூம் எடுக்கறேன்னு சொன்னேன். அத்தை வேணாம்னாங்க. கோவத்துல... ஐயோ, அதுதான் நான் கடைசியா பேசினது சார்!"

"நட ஸ்டேஷனுக்கு. ரெண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்" என்றான் யோகேந்திரன்.

கஸ்தூரியின் பார்வை அந்த வெள்ளைக் கட்டின் மீதே நின்றது. காலையில் மேசைக்கு வந்த கிளினிக் ஃபாரம் நினைவுக்கு வந்தது. *சிற்றம்பலம். நேற்று மாலை ஆறு நாற்பது. நாய்க்கடி.*

"அங்கிள், உங்களை எந்த நாய் கடிச்சுது?"

"வேற எது? உங்க தெரு நாய்தான் லா! ஃபீல்டு ஓரத்துல. வருஷம் பூராவும் புகார் குடுக்கறேன்... நீங்க என்ன கிழிக்கறீங்க?"

"இந்த நாய் இல்லையே?"

சிற்றம்பலம் சிரித்தார். "அது வாயைத் திறந்து பாரும்மா."

திறந்தாள். மேலே ஒரு பல். கீழே வெறும் ஈறு. கடிப்பதாவது! கஞ்சி குடிப்பதே பெரிய பாடு.

கஸ்தூரியின் சந்தேகம் அங்கேயே செத்தது.

செத்ததா?

* * *

பத்தரை மணி. கூண்டு வரிசைக்கு முன்னால் அவள் நடந்தாள். திரும்பினாள். நடந்தாள். எதுவோ அரித்தது.

போன வாரம் அந்தத் திடலில் யாரோ கோழி இறைச்சியில் விஷம் வைத்திருந்தார்கள். பதினோரு நாய்கள். அவள்தான் தன் கையால் அள்ளி லோரியில் போட்டாள். அன்றிலிருந்து அங்கே ஒரு தெரு நாய் கூடக் கிடையாது!

அப்படியென்றால் சிற்றம்பலத்தைக் கடித்தது?

யோகேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"புதுசா ஒரு நாய் வந்திருக்கும் கஸ்தூரி. அதுக்கென்ன ஐ.சி. அடையாள அட்டை எடுத்துட்டா வரும்? எனக்குத் தலைக்கு மேல வேலை."

பழுப்பு நாயைக் குளிப்பாட்ட அதன் பட்டையைக் கழற்றினாள்.

கை நின்றது.

நாய்க்கு ஒட்டிய கழுத்து. பட்டை கடைசித் துளையில் மாட்டியிருந்தது. ஆனால் அதற்கு மூன்று துளை முன்னால் இன்னொரு துளை... அகன்று, தேய்ந்து, பல காலம் உழைத்த துளை. அதன் ஓரத்தில் சிக்கிய முடி.

கறுப்பு முடி!

"அலமாக்!" என்றாள் வாய்விட்டு.

ஒன்பது வருட வேலையில் இதை நூறு வீட்டில் பார்த்திருக்கிறாள். வரிசை வீட்டுக்கு ஒரு நாய்தான் அனுமதி. மக்கள் வளர்ப்பதோ இரண்டு. வில்லை மட்டும் ஒன்று! வெளியே எது போகிறதோ அதன் கழுத்துக்குப் பட்டையோடு வில்லை மாறும். அதிகாரி வந்தால் இன்னொன்று மாயம்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

* * *

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஜீவன்.

"வீட்டுல எத்தனை நாய்?"

"ஒண்ணு மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணுதான் மேடம். மிலோ. லைசென்ஸ் இருக்கு."

"கறுப்பா இருக்கறது?"

ஜீவன் வேறு பக்கம் பார்த்தான். "அப்படி... எதுவும் இல்ல மேடம்."

பின்னால் நின்ற யோகேந்திரன் முறைத்தான். "பொய் சொல்றான்."

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. கம்பிக்கு அருகே குனிந்தாள்.

"தம்பி... சம்மன் போட்டுருவேன்னு பயப்படறியா?"

அவன் கண் நிறைந்தது. "அத்தை சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் வாங்கியிருக்காங்க மேடம். மாநகர் மன்றத்து ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு. பிடிச்சுட்டுப் போய்க் கொன்னுருவீங்கன்னு..."

"டேய்!" யோகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "கொலைக் கேசுல மாட்டியிருக்கே. நாய் லைசென்சுக்கா பயப்படறே?"

"உன் கழுத்துக்கே கயிறு மாட்டப் போறாங்க ஜீவன்" என்றாள் கஸ்தூரி. " சொல்லு."

"கோப்பி. அது பேரு கோப்பி. கறுப்பு. சமையல்கட்டுலயே இருக்கும். அத்தையை யாராவது தொட்டா விடாது."

"இப்ப எங்க?"

"போலீஸ் வந்தப்ப பின்கட்டுல ஒளிஞ்சிருந்துச்சு. உங்க லோரி சத்தம் கேட்டாலே பின்சுவரைத் தாண்டிக் காட்டுக்குள்ள ஓடிரும். அத்தை அப்படித்தான் பழக்கி வச்சிருக்காங்க."

கஸ்தூரியும் யோகேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று நாளில் முதல் முறையாக.

ஒரே சாட்சி... அதை விரட்டியடித்தது அவளுடைய லோரியேதான்!

"ரெண்டு மணிக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறதை என்னால தடுக்க முடியாது."

"'வா'வா?"

"வாங்க மேடம்! கால்ல விழட்டுமா?"

* * *

சீருடைச் சட்டையைக் கழற்றி எறிந்து, டீ-சட்டையோடு சொந்தக் காரில் போனாள். டீச்சர் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் புதர், கால்வாய், செம்பனைத் தோட்டம். "கோப்பி... கோப்பி..." தொண்டை வறண்டது. ஈர மண்ணில் பெரிய பாதத் தடங்கள்.

மணி பன்னிரண்டு நாற்பது.

போனை எடுத்தாள்.

"சிற்றம்பலம் அங்கிளை என் ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. நாய்க்கடி ஃபாரத்துல கையெழுத்துன்னு சொல்லுங்க."

"நாய் கிடைச்சுதா?"

"சீக்கிரம்!"

"கஸ்தூரி, கிடைச்சுதான்னு கேட்..."

வைத்துவிட்டாள்.

* * *

ஒன்று பத்து. கூண்டு வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கூண்டு. மேலே கனத்த தார்ப்பாய். 'கிட்டே வராதே' என்று சிவப்புப் பலகை.

சிற்றம்பலம் மேசை முன் உட்கார்ந்தார். யோகேந்திரன் சுவரில் சாய்ந்து நின்றான். வாசலில் போலீஸ் கார். உள்ளே விலங்கு மாட்டிய ஜீவன். அடுத்த நிறுத்தம் கோர்ட்.

"நல்ல செய்தி அங்கிள். உங்களைக் கடிச்ச ஃபீல்டு நாயைப் பிடிச்சாச்சு. டாக்டர் பாத்துட்டார். நோய் இல்ல. உங்களுக்கு மேற்கொண்டு ஊசி வேணாம்."

"அப்பாடா! இப்பவாவது வேலை செய்யறீங்களே."

"இங்க ஒரு கையெழுத்து. 'என்னைக் கடித்தது ஃபீல்டு நாய். வேறு எந்த நாயும் இல்லை. வெறிநாய் ஊசி எனக்குத் தேவையில்லை.'"

அவர் பேனாவை எடுத்தார். கண் தார்ப்பாய் பக்கம் போனது.

"அது என்ன?"

"அதுவா? டீச்சர் வீட்டு இன்னொரு நாய்."

பேனா நின்றது.

"நுரை தள்ளிட்டுக் கிடக்கு அங்கிள். வெறின்னு டாக்டருக்குச் சந்தேகம். நேத்து அது யாரையாவது கடிச்சிருந்தா, இன்னிக்கே ஊசி போட்டாகணும். நோய் வெளிய தெரிஞ்சுட்டா மருந்தே கிடையாது. தண்ணியைப் பாத்தாலே தொண்டை இறுகுமாம்..."

ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்க அங்கிள். வேர்க்குதே."

கிளாஸை எடுத்தார். உதடு வரை போனது. இறங்கவில்லை!

"ஒரு... ஒரு சேஃப்டிக்கு ஊசி போட்டுக்கலாமே?"

"மருந்து கொஞ்சம்தான் இருக்கு. அந்த நாய் கடிச்ச ஆளுக்கு மட்டும்தான் தருவாங்க. உங்களுக்கென்ன? நீங்கதான் அந்த வீட்டுப் பக்கமே போகலையே. போடுங்க கையெழுத்து."

'சிற்' வரை எழுதினார். கடியில் தானாகவே எரிச்சல் கிளம்பியது.

"மணி ஆகுது அங்கிள்."

'சிற்ற...'

"எனக்கு ஊசி போடுங்க!" நாற்காலி பின்னால் சாய, எழுந்தார். "அந்தக் கறுப்பு நாய்தான்! அதுதான் கடிச்சுது! போடுங்க ஊசியை!"

கஸ்தூரி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கறுப்புன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் கஸ்தூரி.

யோகேந்திரன் சுவரை விட்டு நகர்ந்தான்.

சிற்றம்பலம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"தள்ளணும்னு நினைக்கலம்மா... நான் ஃபீல்டுல கோழி வச்சதைப் போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தா. போலீசுக்குக் குடுப்பேன்னா. அஞ்சு வருஷமா தலைவர் நான்! அழிச்சிடுன்னு கெஞ்சினேன். போனைப் பிடுங்கும்போது அந்தச் சனியன் பாஞ்சு கையைக் கவ்விடுச்சு. வலியில அவளைத் தள்ளிட்டேன். தொட்டி விளிம்புல..."

"விழுந்தவளை விட்டுட்டுக் கேட்டைப் பூட்டிட்டு வந்தீங்க."

"அமுக்கினா பூட்டிக்கற பூட்டு... ஊசி! முதல்ல ஊசியைப் போடுங்க!"

"போன் எங்க?"

"என் காருல... சீட்டுக்கு அடியில..."

யோகேந்திரன் வாசல் பக்கம் சைகை காட்டினான். ஜீவனின் கையிலிருந்து விலங்கு கழன்றது. இரண்டு நிமிடத்தில் அதே விலங்கு வேறொரு கையில் ஏறியது. ஜீவன் கஸ்தூரியின் முன் வந்து நின்றான். பேச வராமல் கும்பிட்டான்.

"அத்தை உன் மேல கோவத்தோட போகலடா" என்றாள். "வளர்த்தவங்களுக்கு அரை மணி நேரம் கூடக் கோவம் தாங்காது."

அவன் உடைந்து அழுதான். யோகேந்திரன் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டான். கஸ்தூரி அந்தக் கணமே மூன்று நாள் கோபத்தை ரத்து செய்தாள். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

வாசல் வரை இழுத்துப் போகப்பட்ட சிற்றம்பலம் திடீரென்று உதறிக்கொண்டு தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார்.

சரசரவென்று அது தரையில் விழுந்தது.

கூண்டு காலி!

நாய் இல்லை. நுரை இல்லை. ஒரு முடி கூட இல்லை. கோப்பி இன்னும் செம்பனைத் தோட்டத்தில்தான் எங்கேயோ திரிந்துகொண்டிருந்தது.

யோகேந்திரனே வாய் பிளந்தான். "அடிப்பாவி!"

"அப்ப... அதுக்கு வெறி இல்லையா?" சிற்றம்பலத்தின் குரல் கீச்சிட்டது. "ஊசி? எனக்கு ஊசி வேணுமா, வேணாமா? யாராவது சொல்லுங்களேன்!"

கஸ்தூரி ஃபாரத்தை மடித்துக் கணவன் சட்டைப் பையில் செருகினாள்.

"ஊசி வேணும்தான் அங்கிள். ஆனா உங்களுக்கு இல்ல... உங்களைக் கடிச்சிருக்கே, பாவம், அந்த நாய்க்கு!"