கடைசி வண்டிக்குப் பின்னால்

கொடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. இளகிய மணலில் லாரியை நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும் என்பதால், கெட்டியான தரை வரும்வரை ஓட்டிப் போய் நிறுத்திவிட்டு, ஐம்பது அறுபது அடி பின்னால் நடந்து வந்து கொடியை எடுப்பது அவர் வழக்கம். அப்படி வந்தவர் தன் லாரியின் டயர்த் தடத்தைப் பார்த்தார். பட்டை பட்டையான அந்த அச்சின் நடுவே, அதை அழித்துக்கொண்டு, ஒரு பைக்கின் தடம் ஒற்றைக் கோடாக ஓடியது. அடியில் அல்ல, மேலே. லாரி போன பிறகு அதே வழியில் ஒரு பைக் வந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஆனால் லாரிக்குப் பிறகு வருவதற்கு யாரும் கிடையாது. பன்னிரண்டு நாள் பாலைவனப் பந்தயத்தில் அவருடையதுதான் கடைசி வண்டி. பைக்குகளும் கார்களும் போய் முடிந்த பிறகு, அதே பாதையில் நிதானமாகப் போய், நின்றுபோனவர்களையும் விழுந்து கிடப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு, வழியில் நட்ட எச்சரிக்கைக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு முகாமுக்கு வந்து சேருவது அவர் வேலை. ஊரே முதலாவதாக வர அடித்துக்கொள்ள, கடைசியாக வருவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். பெயரே கடைசியண்ணன் என்று ஆகிவிட்டது. முகாம் சமையல்காரர்கூட, "கடைசியண்ணனுக்குக் கடைசிக் கரண்டி" என்று சொல்லித்தான் ஊற்றுவார்.

கடைசியண்ணன் அந்தக் கோட்டோடு லாரிவரைக்கும் நடந்தார். லாரியின் பின்பக்கத்தை எட்ட இரண்டடி இருக்கையில் அது முடிந்திருந்தது. விலகிப் போன தடம் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை. வண்டி சாயாமல் இருக்க ஒருவர் இடது காலை ஊன்றி நின்ற குழி மட்டும் ஆழமாகத் தெரிந்தது. குழியின் ஓரத்து மணல் இன்னும் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

லாரியின் மறுபக்கம் நின்ற மச்சினன் பார்க்கிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பூட்ஸ் காலால் அந்தக் குழியைத் தேய்த்து மூடினார். மூடிய பிறகு, ஏன் இப்படித் திருடன் மாதிரி செய்தோம் என்று கூசியது. மறைப்பது அவருக்கு இந்த ஒரு வருஷத்தில் கைப்பழக்கமாகிவிட்டது.

"என்ன மாமா, கொடி வரமாட்டேங்குதா?"

"வந்துடுச்சு. ஏறு."

மச்சினன் அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயது, நல்ல மெக்கானிக், வாய் ஓயாத ஆள். ஒர்க்‌ஷாப்பில் நிம்மதியாக இருந்தவனை இந்த வருஷம் கூட வரச் சொன்னது இவர்தான். அந்தப் பாதையில் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அழைத்து வந்தார். கிளம்பும்போது மனைவி, "அவன் அவசரக்குடுக்கை, நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

லாரி நகர்ந்தது. மூன்று மணி வெயில் மங்கி, காற்று மணலைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனது. கேபினுக்குள் டீசல் வாடையும் சூடேறிய ரெக்ஸின் சீட்டின் வாடையும் கலந்து அடித்தன. மணல் கண்ணாடியில் படபடவென்று விழுவது, பின்னால் கட்டிய கொடிக் கம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது, இன்ஜினின் ஒரே சீரான உறுமல் என்று எல்லாச் சத்தமும் அவருக்கு அத்துப்படி. அதற்கு அடியில் வேறொரு இன்ஜின், சின்னது, தயங்கித் தயங்கி ஓடுவது போலிருந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் புழுதி இவருடைய லாரி கிளப்பியதுதானா என்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் ரேடியோவை எடுத்தார். "கன்ட்ரோல், கடைசி வண்டி பேசுறேன். பைக் எல்லாம் வந்தாச்சா?"

"எல்லாம் வந்தாச்சு அண்ணே," என்றது கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல். "எண்பத்து மூணும் உள்ள. பாதையில இருக்கறது நீங்க மட்டும்தான். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"உங்களுக்குச் சும்மா கேக்கவே தெரியாது மாமா," என்று மச்சினன் சிரித்தான். "அதனாலதான் புதுசா வர்றவங்களுக்கு விதி சொல்லித்தர உங்களைப் போட்டிருக்காங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்து வரப்போவது அந்த மேடு.

போன வருஷம் கூட வர வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இந்த மேட்டுக்கு அவர் தனியாகத்தான் வந்தார். உச்சியில் ஒரு பைக் தடம் பாதையை விட்டு விலகி மறுபக்கம் இறங்கியிருந்தது. விலகிய தடம் எங்கே திரும்பி வந்து சேருகிறது என்று கண்ணால் பார்க்காமல் நகரக் கூடாது என்பது கடைசி வண்டியின் முதல் விதி. அன்றைக்குப் பதினோரு மணி நேரம் ஓட்டியிருந்தார். உடம்பெல்லாம் மணல். குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. அவ்வளவுதான். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பெரிய காரணம்கூட அவரிடம் இல்லை. ரேடியோவில், "மேடு தாண்டியாச்சு, பாதை காலி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு கணக்கில் ஒரு பைக் குறைந்தது. நாற்பத்தேழாம் எண். விழுந்த வேகத்தில் அதை ஓட்டியவரிடமிருந்த அபாயக் கருவி நொறுங்கிவிட்டதால் சிக்னல் வரவில்லை. மேட்டுப் பக்கம் காலி என்று கடைசியண்ணனே சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில் ஹெலிகாப்டர் வேறு திசையில் தேடியது. இரண்டு நாள். மூன்றாம் நாள் மேட்டுக்குக் கீழே கண்டுபிடித்தார்கள். ஒரு கால் பைக்குக்கு அடியில் மாட்டியிருந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை, தண்ணீர் இல்லாமல்தான் போயிருக்கிறார் என்றார் டாக்டர். விசாரணையில் கடைசியண்ணன், காற்றில் தடம் அழிந்திருக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு கவனமான ஆள் என்று, புதியவர்களுக்கு விதி சொல்லித்தரும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். உடலை வாங்க வந்த நாற்பத்தேழின் மனைவி அவரைத் தேடி வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கடைசி வரைக்கும் தேடிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள். "பரவால்லம்மா" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வரும்போதெல்லாம், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

மேட்டின் உச்சிக்கு லாரி ஏறியது. அவர் முன்னால் மட்டும் பார்த்தபடி ஓட்டினார்.

"மாமா, நிறுத்துங்க. தடம்."

"பழசா இருக்கும்."

"பழசா? இந்தக் காத்துல அரை மணி நேரம் நிக்காது. பாருங்க, வலது பக்கமா இறங்கியிருக்கு."

நிறுத்தினார். நிறுத்தாமல் இருக்க வழியில்லை. ஒற்றைக் கோடு, கத்தியால் கீறியது போலப் பளிச்சென்று, உச்சியைத் தாண்டி இறங்கியது.

"எல்லா பைக்கும் வந்தாச்சுன்னு கன்ட்ரோலே சொல்லிட்டாங்களேடா."

"கன்ட்ரோல் என்ன சொன்னாலும் கண்ணால பாக்கணும்னு போர்டுல எழுதிப்போட்டுச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்கதானே?" மச்சினன் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டான். "யாராச்சும் விழுந்து கிடந்தா? நீங்க இருங்க, உங்க முட்டி வலிக்கு இதுல இறங்க வேண்டாம். அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்."

சொல்லியிருக்கலாம். இப்போதாவது. 'போகாதேடா, அங்கே நான்தான் ஒருத்தரைச் சாக விட்டேன்' என்று ஒரே வரி. தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் மச்சினனின் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விட்டது. தலையை மட்டும் ஆட்டினார். மச்சினன் மேட்டின் விளிம்பில் முழங்கால்வரை தெரிந்தான், இடுப்புவரை தெரிந்தான், பிறகு தலையும் இறங்கிவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்தார். காற்று ஒரு கணம் ஓய்ந்தது.

கீழேயிருந்து ஹாரன் கேட்டது.

பைக் ஹாரன். பேட்டரி தீரப்போகிற, கம்மிய ஹாரன். ஒரு தடவை. சற்று நின்று இன்னொரு தடவை.

அவருக்கு அது புதுச் சத்தம் இல்லை. விசாரணையில் சொல்லாதது மட்டுமல்ல, தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளாதது அது. போன வருஷமும் இதே இடத்தில் ஏதோ கேட்கிறதே என்று இன்ஜினை அணைத்தார். இதே ஹாரன் கேட்டது. தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்பிக் கிளம்பினார்.

மூன்றாவது தடவை.

கை சாவிக்குப் போனது. அவர் அனுப்பவில்லை, அதுவே போனது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. லாரி நகர்ந்தது. பத்தடி. இருபது. வாய் தானாக, "அவன் வந்துடுவான், வந்துடுவான்" என்று முணுமுணுத்தது. நாற்பதடி. மனைவி வாசலில் நின்று, "என் தம்பி எங்க?" என்று கேட்பது கண் முன்னால் வந்தது. அதற்கும் ஒரு பொய்யை மனசு தயாராகத் தேடிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரிந்தது.

பிரேக்கை மிதித்தார். கதவைத் திறந்து குதித்தார். முட்டி மடங்கியது. எழுந்து ஓடினார்.

சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். வாயில் மணல். கண்ணில் மணல். கீழே காற்று இல்லை. ஒரு பாத்திரத்துக்குள் இறங்கியது போல எல்லாம் அடங்கிக் கிடந்தது. பைக் இல்லை. ஹாரனும் இல்லை.

மச்சினன் இருந்தான். முதுகைக் காட்டி, மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கேனைச் சாய்த்துப் பிடித்திருந்தான்.

"டேய்." குரல் உடைந்தது. "வா, போகலாம்."

மச்சினன் திரும்பவில்லை.

"மாமா," என்றான். அவனுடைய குரல்தான். சத்தமே இல்லாமல், கோபமும் இல்லாமல் பேசினான். "நீங்க இன்ஜினை ஆஃப் பண்ணீங்களாம். அப்பாடா, கேட்டுடுச்சு, இறங்கி வரப்போறாங்கன்னு இவர் நினைச்சாராம்."

கடைசியண்ணன் ஓரடி முன்னால் வைத்தார்.

"அப்புறம் ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சாம்."

"நான்…"

"பொய் சொல்றார்னுதான் மாமா நினைச்சேன். எங்க மாமா அப்படிப்பட்டவர் இல்லைன்னு இவர்கிட்ட சண்டைகூடப் போட்டேன்." மச்சினனின் தோள் ஒருமுறை குலுங்கியது. "இப்ப எனக்கும் கேட்டுச்சு."

அவர் நின்ற இடத்திலேயே மண்டியிட்டார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்து, மணலோடு ஒட்டிக்கொண்டது. முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையைக் குனிந்தவர், கேனைப் பார்த்தார்.

கேன் கவிழ்ந்திருந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் தடித்த கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே அது நின்றுபோனது. அதற்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. மணல் காய்ந்தே கிடந்தது.

யாரோ மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.