ஒரு மணிக்கு ஏறி மூன்று மணிக்கு இறங்கியவர்கள்

பிற்பகல் 3.40. விமான நிலையக் காவல் அறையில் நகைப்பெட்டியைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

தொலைத்தவர் துணி வியாபாரி. இறந்துபோன அம்மாவின் நகைகளைத் தங்கைக்குக் கொண்டுவந்தாராம். அந்தத் தங்கை சுவரோரம் நின்றாள். மாட்டிக்கொண்டவர் பக்கத்து இருக்கையில் வந்த வெல்டர். மூன்று வருடம் கழித்து ஊர் திரும்புகிறவர். அவர் பையை உதறிப் பார்த்தாயிற்று. சட்டை, துண்டு, ஒரு பொம்மை.

"கூட்டாளிகிட்ட கைமாத்தியிருப்பான் மேடம்!" என்றார் வியாபாரி.

"கேஸ் போட்டா திரும்ப வேலைக்குப் போக முடியாது மேடம். எங்க வீட்டுல அடுப்பு எரியாது," என்றார் வெல்டர்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வியாபாரியிடம் திரும்பினார். "பெட்டியைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ராத்திரி. மடியில இருந்துச்சு. ஜன்னல் வழியா வெளியே பார்த்தேன், கும்மிருட்டு. நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சா மடி காலி."

"நட்சத்திரத்தை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பின்னே, கடன் வாங்கின கண்ணாலயா?"

இன்ஸ்பெக்டர் பயணச்சீட்டைப் புரட்டினார். நேற்று மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி, இன்று மூன்று மணிக்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.

"ஒரு நாளுக்கு மேலயா பறந்தீங்க?"

"பதினாலு மணி நேரம் மேடம். இடுப்பு கழண்டுபோச்சு. அந்த ஊரு கடிகாரம் வேற, இந்த ஊரு கடிகாரம் வேற."

ஆறு வருடமாக விமானங்களுக்குக் கீழேயே வேலை பார்த்தும் இன்ஸ்பெக்டர் ஒரு முறைகூடப் பறந்ததில்லை. தொலைபேசியை எடுத்து, அந்த விமானத்தை ஓட்டிவந்த விமானியைக் கேட்டார். கேட்கக் கேட்க வாய் தானாகத் திறந்தது. "அடேங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

4.15.

"நீங்க வந்தது பூமியோட உச்சந்தலை, வட துருவம் வழியா. கோடையில அங்க சூரியன் இறங்காது. கிளம்பினதுலேருந்து இறங்குற வரைக்கும் வெளியே ஒரு நிமிஷம்கூட இருட்டலை. பயணிங்க தூங்கட்டும்னு ஜன்னலை மூடி விளக்கை அணைச்சாங்க. நீங்க அதை ராத்திரின்னு நினைச்சுக் கதை கட்டிட்டீங்க. பார்க்காத நட்சத்திரம் மடியில இல்லாத பெட்டிக்குக் காவல் இருந்துச்சாக்கும்?"

வியாபாரி தங்கை பக்கம் திரும்பினார்.

"அண்ணா," என்றாள் தங்கை. "அம்மா நகை விமானம் ஏறுச்சா இல்லையா?"

அண்ணன் தலை தொங்கியது. "கடை மூழ்கிடுச்சும்மா. அங்கேயே வித்துட்டேன். உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு..."

"அதுக்கு இந்த மனுஷன் முகத்துல சேறு பூசினியா?"

வெல்டர் சட்டைகளை மடித்துப் பையில் திணித்தார். இன்ஸ்பெக்டர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

"நீங்க வெளியே பார்த்தீங்களா?"

"பின்னாடி கதவுல சின்ன ஜன்னல் இருக்கு மேடம். அங்கதான் நின்னேன். கீழே கண்ணுக்கெட்டின மட்டும் பனி, அது மேல வெயில். ஒரு மனுஷன் இல்ல, ஒரு கூரை இல்ல. இத்தனை வருஷம் வேலையில முதுகுல ஏறி உட்கார்ந்து உசிரை எடுத்த அதே வெயில் மேடம். நேத்தோ இன்னைக்கோ, எந்த நாள்னே சொல்லத் தெரியலை, வழி பூரா கூடவே நடந்து வந்துச்சு."