சூரியன் உதிப்பதற்கு முன்

பால்காரன் வந்து போயாயிற்று. எதிர்வீட்டு ஞானம்பாள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, கோலத்தை மிதித்த நாயையும் வாய் வலிக்கத் திட்டி முடித்துவிட்டாள். திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பக்கம் புதிதாக மனை பிரித்த அந்தத் தெருவில் வெயில் மணல் குவியல் மேலும் வேலிக்கருவை மேலும் நன்றாகவே ஏறிவிட்டது. துர்காதேவியின் அடுப்படியில் மட்டும் இன்னும் விடியவில்லை.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாசத்துப் பனி, போதாததற்குப் பன்னிரண்டு நாளாகத் தூக்கம் என்பதே கிடையாது, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு டியூப்லைட்டைப் போட்டாள். அது இரண்டு தரம் மினுக்கிவிட்டு எரிந்தது. எரிந்த வெளிச்சம் சுவரோடு நின்றுகொண்டது, கீழே மேடைக்கு வரவில்லை. வீடு கட்டும்போது, காலை வெயில் அடுப்பு மேல் விழ வேண்டும் என்று மேஸ்திரியிடம் சண்டை பிடித்து அவளே கிழக்குப் பார்க்க வைக்கச் சொன்ன ஜன்னல் அது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் பளபளவென்று வெயிலில் நின்றது. கம்பிக்கு இந்தப் பக்கம் இருட்டு. நேற்று ராத்திரியின் சாம்பார் வாசனையோடு, ஈரச் சாக்கின் வாசனையோடு, அசையாமல் இருந்தது.

ஏழு மணிக்குத் தாமோதரன் வந்தான். அணுபுரம் டவுன்ஷிப்புக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவன், ராத்திரி போனால் காலையில்தான் வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா துர்கா, பொழுது விடிஞ்சி எம்மாம் நேரமாச்சு? லைட்ட போட்டுகினு நிக்கிற?"

"இருட்டா இருந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே அடுப்படியில் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

ஊருக்குத் தெரிந்த கதை இது. பொங்கல் கழிந்த வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி, வீட்டில் துர்கா தனியாக இருக்கிறாள். எவனோ பின்கதவுத் தாப்பாளை நெம்பிக்கொண்டு உள்ளே வருகிறான். அவள் பயத்தில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த, வண்டி தூக்குகிற இரும்பு ஜாக்கி ராடை எடுத்து வீசுகிறாள். அவன் விழுகிறான். அவள் மயக்கம் போட்டுவிடுகிறாள். ஏழு மணிக்குப் புருஷன் வந்து பார்த்துப் போலீசுக்குச் சொல்கிறான். செத்தவன் பெயர் கிருபாகரன், மாமல்லபுரம் பக்கத்து ஆள், பெயின்ட் வேலை. சட்டைப் பையில் தாமோதரனின் பழைய வாட்ச் இருந்தது. தெருவே துர்காவை மெச்சியது. பொம்பளைன்னா இப்படி இருக்கணும் என்று ஞானம்பாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். துர்கா அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள், புதன்கிழமை, ஏழரை மணிக்குத்தான் அடுப்படியில் விடிந்தது. அந்த இருட்டில், அவள் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது, பின்கதவில் ஒரு சத்தம். இரும்பு இரும்பை உரசும் சின்னச் சத்தம். உரசி, நின்று, யோசித்து, மறுபடி உரசியது. போய்ப் பார்த்தால் புதிதாகப் போட்ட தாப்பாள் போட்டபடி இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் வக்கீல் ஹெலன் அவர்களுக்கு விஷயத்தை உடைத்துச் சொன்னாள். நரைத்த தலை, சுற்றி வளைக்காத பேச்சு.

"நல்லா கேட்டுக்கங்க. சூரியன் மறைஞ்சதுக்கும் உதிக்கிறதுக்கும் நடுவுல ஒருத்தன் வீட்டை உடைச்சு உள்ள வந்தா, அவன் உயிரே போனாலும் சட்டம் அதைத் தற்காப்புன்னு ஏத்துக்கலாம். அதுலயும் தேவைக்கு மேல போயிருக்கக் கூடாது. விடிஞ்சப்புறம்னா அது வேற. அவன் கையில என்ன இருந்துச்சு, உங்க உயிருக்கு ஆபத்துன்னு நியாயமாத்தான் பயந்தீங்களான்னு குடைவாங்க. போறேன்னு திரும்பினவனை அடிச்சா, அது எந்த நேரமா இருந்தாலும் தற்காப்பு இல்ல, துர்கா."

தாமோதரன் வேகமாகச் சொன்னான்: "அஞ்சு மணிங்க மேடம். கும்மிருட்டு."

"அடி பின்மண்டையில பட்டிருக்கு. அதையும் கேப்பாங்க."

"இருட்டுல எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும் மேடம்?"

ஹெலன் அவனைப் பார்க்கவில்லை, துர்காவையே பார்த்தாள். "திங்கக்கிழமை பத்தரைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம். என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. நான் வேற எதையும் சொல்லித் தர மாட்டேன்."

வியாழக்கிழமை எட்டரை வரைக்கும் இருட்டு. தாப்பாள் சத்தத்துக்குப் பிறகு காலடிச் சத்தமும் வந்தது. வெறுங்கால், மொசைக் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். பின்கதவிலிருந்து தண்ணீர்க் குடம் வரைக்கும் எட்டுக் காலடி. துர்கா கூடத்தில் சுவரோடு சுவராக நின்று எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை. காலடிக்குப் பிறகு, தண்ணீர் குடிக்கும் சத்தம். வெகுதூரம் நடந்து வந்தவன் குடிப்பது போல மடக் மடக்கென்று, மூச்சு வாங்க இடம் விட்டு, மறுபடி மடக் மடக். தெருவில் வெயில் கொளுத்தியது. கறிவேப்பிலை கேட்டு வந்த ஞானம்பாள் அடுப்படி வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள்.

"இன்னாடி இது, பளிச்சுனு வெயில் அடிக்குது, லைட்ட போட்டுகினு கீற? கரண்டு இன்னா சும்மாவா வருது?"

"உள்ள வாயேன்க்கா," என்றாள் துர்கா. கெஞ்சாத குறை.

ஞானம்பாள் ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் காலை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு, "ஒண்ணும் வாணாம், அப்பறமா வரேன்," என்று போனவள் கறிவேப்பிலையை மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தாமோதரன் குடத்தைச் சாய்த்துப் பார்த்தான். "காலையிலதான ரொப்பின? தண்ணி எங்க போவுது?" துர்கா குடத்தை வாங்கி மறுபடி நிரப்பினாள். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினொன்று வரை இருட்டு. குடித்து முடித்தவன் சொம்பை மேடை மேல் வைத்தான். சத்தம் வராமல், பதமாக. திருட வந்தவன் அந்த ஒரு காரியத்தை மட்டும் எவ்வளவு மரியாதையாகச் செய்தான் என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியிருந்தது. தாப்பாள், காலடி, தண்ணீர், சொம்பு. எல்லாம் வரிசைப்படி வந்துகொண்டிருந்தது. அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதற்கும் அடுத்தது என்னவென்றும் தெரியும்.

ஏனென்றால் அன்றைக்கு இருட்டாக இல்லை.

ஐந்து மணியும் இல்லை. ஆறே முக்கால் தாண்டிவிட்டது. அவள் எழுந்து வந்தபோது ஜன்னல் வழியாக வெயில் நேராக மேடை மேல் விழுந்துகொண்டிருந்தது. கிருபாகரன் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கினான். உள்ளங்கை ரேகையில் வெள்ளை பெயின்ட் படிந்திருந்ததுகூடத் தெரிந்தது, அப்படி ஒரு வெளிச்சம். "அக்கா, தண்ணிதான் குடிச்சேன். போயிடறேன்," என்றான். சொன்னபடி திரும்பி, பின்கதவைப் பார்த்து நடந்தான். இரண்டு எட்டு வைத்திருப்பான். மூன்று மாசத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் கழுத்துச் செயினை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிய ஆத்திரமா, எவனாவது உள்ள வந்தா யோசிக்காம போடு என்று புருஷன் தினமும் ஓதியதா, ஏன் அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடித்தாள். அவன் விழுந்த பிறகும் வெயில் அவன் முதுகு மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. "இருட்டா இருந்துச்சாம்மா?" தாமோதரன் அவள் முதுகில் விரலால் குத்தினான். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் விடியவே இல்லை. துர்கா ஓட்டல் இட்லியைப் பிரித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு உள்ளத சொல்லிடட்டுமா?"

"ஜெயில்ல போயி உக்காந்துக்கறியா?" தாமோதரன் இட்லிப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தான். கோபம் பாதி, பயம் பாதி. "நம்ம பொண்ணு ஜெயப்பிரியா, அவ அத்தை வூட்ல உக்காந்துகினு பரீட்சைக்குப் படிச்சிகினு கீறா. அவ மூஞ்சிய நெனச்சி பாரு. அவன் இன்னா விருந்துக்கா வந்தான்? தாப்பாவ நெம்பிகினு வந்தான்."

"போறேன்னுதாங்க சொன்னான்."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அஞ்சு மணி, இருட்டு. ரெண்டே வார்த்தை, துர்கா. அப்புறம் எல்லாம் முடிஞ்சிடும்."

திங்கட்கிழமை ஒன்பதே கால். தாமோதரன் தெருவில் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் நல்ல புடவை கட்டி, பையில் ஆதார் கார்டு எல்லாம் எடுத்து வைத்து, வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். கேஸ் சிலிண்டரை மூடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷ வேலை. திரும்பி உள்ளே போனாள்.

அடுப்படி வாசற்படியைத் தாண்டியதும் தெருச் சத்தம் அடங்கியது. பைக்கின் உறுமல் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போல் ஆகிவிட்டது. கையை நீட்டிச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள், சுவர் ஜில்லென்று ஈரமாக இருந்தது, பெயின்ட் வாசனை அடித்தது, இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்து நாலு வருஷம் ஆகிறது.

தாப்பாள் உரசியது.

காலடி. ஒன்று. இரண்டு. ஏழு. எட்டு.

மடக் மடக்.

சொம்பு மேடை மேல் உட்கார்ந்தது.

அவள் வலது கை தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ராடு இருந்தது. போலீஸ் எடுத்து, துணியில் சுற்றி, அரக்கு வைத்துக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்த ராடு. கனமாக, ஜில்லென்று, கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அக்கா," என்றது இருட்டு. "தண்ணிதான் குடிச்சேன். போயிடறேன்."

துர்காவின் கை ராடை விடவில்லை. ஆனாலும் வாய் திறந்தது. பதினெட்டு நாளாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது.

"விடிஞ்சிதான் இருந்துச்சு," என்றாள். "நல்லா விடிஞ்சிடுச்சு. உன் மூஞ்சிய பாத்தேன். உன் கைய பாத்தேன். நீ போறேன்னு சொன்னத கேட்டேன்."

வெளிச்சம் வந்தது.

முதலில் சொம்பின் விளிம்பில் வந்தது, பிறகு மேடையில், பிறகு தூக்கிய இரண்டு உள்ளங்கைகளில். ரேகையில் வெள்ளை பெயின்ட். மோவாயில் தண்ணீர் சொட்டியது. கிருபாகரன் அவளையே பார்த்தான். கோபம் இல்லை. அவள் சொன்னது நிஜம்தானா என்று பார்க்கிற பார்வை. அவள் தலையை ஆட்டினாள். அவன் கையை மெதுவாக இறக்கிவிட்டு, திரும்பி, கதவைப் பார்த்து நடந்தான். ஒரு எட்டு. இரண்டு எட்டு. அன்றைக்கு வைக்காத மூன்றாவது எட்டும் வைத்தான், ஏழு வரைக்கும் வைத்தான். போ சாமி, போயிடு என்று அவளுக்கு அழுகை பொங்கியது. பின்கதவு திறந்திருந்தது. வெளியே வெயில், முருங்கை மரம். இன்னும் ஒரே எட்டு.

தெருவில் ஹாரன் அடித்தது.

"துர்கா! இன்னா பண்ணிகினு கீற? அங்க வந்து பேத்தாத, இன்னா? எங்க, ஒரு தரம் சொல்லு பாக்கலாம். அஞ்சு மணிக்கு எப்டி இருந்துச்சு?"

கோர்ட் தெரிந்தது. கம்பி தெரிந்தது. ஜெயப்பிரியா புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் பார்ப்பது தெரிந்தது. கதவருகே அவன் கால் நின்றது. தலையைத் திருப்பாமல் அவனும் காத்திருந்தான்.

"சொல்லு துர்கா!"

"இருட்டா..." என்றாள். "இருட்டா இருந்துச்சுங்க."

அணைந்தது.

வெளியே போகும் காலடிக்காகக் காது கொடுத்தாள். போகவில்லை. நின்றது. திரும்பியது. ஒட்டி ஒட்டிப் பிரிந்து வந்தது. எட்டு. ஏழு. மூன்று. பக்கத்தில் வந்தது. அவளைத் தாண்டிப் போனது. பின்னால் நின்றது.

கத்தப் பார்த்தாள். விடிஞ்சிதான் இருந்துச்சு, அந்த இரண்டு வார்த்தை. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கையில் இருந்த ராடை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கவில்லை. சொம்பை வைத்த அதே பதத்தோடு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

இருட்டுல எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்.

வெளியே மறுபடி ஹாரன். ஒன்றும் கேட்காத தூரத்தில்.

ஈரமான விரல்கள் அவள் பின்னந்தலையைத் தொட்டன. கொண்டையை விலக்கின. முடியைப் பிரித்துக்கொண்டு, நிதானமாக, இடம் தேடின. மேலே போயின. கொஞ்சம் கீழே வந்தன.

அங்கேயே நின்றன.