பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, மரங்கள் தலையை விரித்துப் போட்டு ஆடுகின்றன, மணல் புகை மாதிரி கிளம்பித் தரையோடு ஓடுகிறது. அந்த ஆளின் சட்டை மட்டும் அசையவில்லை.

அக்கா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். வேறென்ன செய்வாள்? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக மிதக்கும். அப்படிப்பட்ட கண்ணை நம்பி யாரை என்ன சொல்வது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் தம்பி திறந்து வைத்திருந்த லேப்டாப்பில் அதே கடற்கரை, அதே ஆள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, எதையோ இறுக்கிப் பிடித்திருப்பவன் போல நின்றான். கையில் ஒன்றும் இல்லை.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஈரச் சட்டையா இருக்கும், உடம்போட ஒட்டியிருக்கும், நீ போய்ப் படு என்றான். அவன் கவலையெல்லாம் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த காற்று வேகத்தின் மேல்தான் இருந்தது. வருகிறவர்கள் காற்று எப்படி என்று பார்ப்பதற்காகவே, அவன் போகப்போகிற கடற்கரை விடுதி ஒரு கேமராவை வைத்திருந்தது. ஒரு மாதமாக வீட்டில் டிவிக்குப் பதில் அதுதான் ஓடியது.

கைட் சர்ஃபிங் என்று ஒரு பைத்தியம் இருக்கிறது. காலில் பலகை, இடுப்பில் பட்டை, பட்டையில் நாலு கயிறு, கயிற்றின் அந்தக் கோடியில் ஒரு அறையை அடைக்கிற பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளைக் கடல்மேல் இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் பட்டம் தானாக ஏறாது. ஒருவர் தள்ளி நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்திருக்க வேண்டும். காற்றில் பேச்சு கேட்காது என்பதால் ஏறப்போகிறவனும் பிடித்திருப்பவரும் ஒருவருக்கொருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதற்கப்புறம் கையை விடவேண்டியதுதான். இறங்கும்போதும் அப்படித்தான், கரையில் ஒருவர் பட்டத்தைப் பிடித்தால்தான் உண்டு. இத்தனை வருஷமாகத் தம்பிக்குப் பட்டம் பிடித்தது அக்காதான். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற விடுமுறையும் அதில் போனது. தலைமுடியில் மணல், காதில் மணல், டிபன் டப்பாவில் மணல். போகும்போதும் வரும்போதும் மூக்கால் அழுவாள். ஆனாலும் போவாள். அவன் எட்டாவது படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கென்று மிஞ்சியது இவன் ஒருத்தன். இன்னொருத்தர் கையில் இவனைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார மனசு வந்ததில்லை.

இந்தத் தடவை வேறு வழியில்லை. ரெண்டு விமானம், ஒரு படகு, அப்புறம் ஒரு ஜீப் என்று போகவேண்டிய கடற்கரை. லீவு என்று அவள் வாயைத் திறந்ததுமே பரிசோதனைக் கூடத்துப் பெரிய டாக்டர் கைகூப்பிவிட்டார். அப்ப யாரு பிடிப்பா என்று அவள் கேட்டதற்கு, விடுதியில் கேட்டுவிட்டதாகத் தம்பி சொன்னான். அங்கே பிடிக்கிறதுக்கு ஆள் இருக்காம். அதைக் கேட்டதும் அவளுக்குள் எங்கேயோ ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது உண்மை. கொஞ்ச நாள் மணல் இல்லாத வீடு. யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டாம். அப்படி நினைத்ததற்கு அன்றைக்கே வெட்கப்பட்டாள்.

மறுநாள் சாயங்காலமும் அந்த ஆள் அங்கேயே நின்றான். அதற்கு மறுநாளும். ஒரு நாள் கடல் ஏறி அவன் இடுப்பு வரை வந்திருந்தது. அலை வந்து மோதினால் நிற்கிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆடுவார், ஒரு காலைப் பின்னால் வைப்பார். அவன் ஆடவில்லை. அலைதான் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல், சிவப்பணுவை எண்ணுகிற அதே கவனத்தோடு பார்த்தாள். நேற்று வரைக்கும் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இன்றைக்கு ஒரு காது தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டிலும் ஏதோ சரியில்லை. லேப்டாப்பை மூடினாலும் காற்றுச் சத்தம் உடனே நிற்கவில்லை; பேச்சை முடிக்க மனசில்லாத விருந்தாளி மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போனது. குளியலறைக் கதவின் கைப்பிடி பிசுபிசுத்தது, விரலை நாக்கில் வைத்தால் உப்பு. கூடத்தில் துணிமணியோடும் பட்டத்தோடும் தயாராக நின்ற பெரிய பையிலிருந்து நனைந்த கயிற்று வாடை வந்தது. அந்தப் பட்டம் மாதக்கணக்காகத் தண்ணீரையே பார்க்கவில்லை. ஒருமுறை அவள் துடைப்பத்தோடு அதைக் கடக்கும்போது பையின் வயிறு மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. ஜிப்பைத் திறந்து பார்க்கலாமா என்று கை போனது. பார்க்கவில்லை. அசதிடி அம்மா, அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூடத்தின் அந்தப் பக்கத்தைப் பெருக்காமலே விட்டுவிட்டாள்.

அந்த ஆளின் கன்னம் தெரிய ஆரம்பித்த அன்றைக்கு, பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து விடுதிக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது விடுதிக்காரம்மா. அந்தக் குரலிலும் நாள் முழுக்க நின்ற களைப்பு இருந்தது. தன் இனம் என்று அக்காவுக்குச் சட்டென்று ஒரு ஒட்டுதல்கூட வந்தது.

"கேமராவில ஒருத்தர் தெரியறாரே, அவர்தான் பட்டம் பிடிக்கிறவரா?"

"ஆமாம்மா. அவரேதான்."

"எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே இருக்காரு. உக்காரவே மாட்டாரா?"

"சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தாக்கூட வாங்க மாட்டாரு. வாங்கணும்னா கையை எடுக்கணுமே."

அப்படி எதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டாள். விடுதிக்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குழாயை மூடச் சொல்லி யாரையோ அதட்டினாள். இதுவரைக்கும் வந்தவர்களையெல்லாம் ஒழுங்காக ஏற்றிவிட்டாரா என்று அக்கா விடாமல் கேட்டாள். ஏற்றிவிட்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

"சரி, இறக்கிவிடறது?"

"ஏத்திவிடத்தானேம்மா ஆள் கேட்டீங்க," என்றாள் விடுதிக்காரம்மா. கோபமில்லை, கிண்டலில்லை. கடையில் பொருள் இதுதான் என்று சொல்கிறவள் மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் தம்பியிடம் போக வேண்டாம் என்றாள். சுற்றி வளைக்கவில்லை, சுற்றி வளைக்கத் தெம்பும் இல்லை. அந்த ஆளைப் பிடிக்கவில்லை, வேறு இடம் பார், ஆகிற நஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தம்பி முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். வேலை விட்டு வந்த சட்டையைக்கூட அவன் மாற்றவில்லை, கண்ணின் கீழே கருப்பு விழுந்திருந்தது. இந்தப் பயணத்துக்காக அவன் எத்தனை நாள் இரண்டாள் வேலை பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியாததா?

"நீ பிடிக்க வரவும் மாட்ட. பிடிக்க ஆள் கிடைச்சா விடவும் மாட்ட. நான் என்னதான் பண்றது, சொல்லு."

அவன் சொன்னது நியாயம் என்பதுதான் அதிகமாக வலித்தது. நாளைக்கு நானே டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன், கத்தினால் கத்தட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், அவன் பத்திரமாக இருந்தால் போதும் என்று மனசுக்குள் முடிவு கட்டினாள். அந்த முடிவே பாதி பாரத்தை இறக்கியது. அதனால்தான், கயிறுகளை மட்டும் இன்றைக்கு இழுத்துப் பார்த்துவிடலாம், வா அக்கா, ஒரு நிமிஷம் என்று அவன் கூப்பிட்டபோது மறுக்காமல் எழுந்தாள்.

பயணத்துக்கு முன்னால் எப்போதும் செய்கிற வேலைதான். நாலு கயிறும் ஒரே நீளமா என்று பார்க்க வேண்டும்; ஒன்று நீண்டிருந்தால் பட்டம் கோணிக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும். வீட்டுக்குள் அத்தனை நீளம் கிடையாது. அதனால் அவர்கள் மாடியின் பொது வராந்தாவில், கோடியில் இருக்கிற ஜன்னல் கம்பியில் நாலு முனையையும் மாட்டி, மறுகோடியில் லிஃப்ட் பக்கம் நின்று தம்பி இழுப்பான். அக்கா ஜன்னல் பக்கம் நின்று முனைகளைச் சரிபார்ப்பாள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள், குனிந்து கயிற்றுக்கு அடியில் போய்விடுவார்கள். இன்றைக்கு யாரும் வரவில்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எந்தக் கதவுக்குப் பின்னாலும் பாத்திரச் சத்தமோ டிவி சத்தமோ இல்லை.

காற்று வேகத்தைப் பார்த்துக்கொண்டே இரு என்று தம்பி தன் ஃபோனில் அந்தக் கேமராவைப் போட்டு ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். இங்கே இருட்டிவிட்டது, அங்கே இன்னும் நல்ல வெயில். அவள் ஃபோனைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். முனைகளை மாட்டினாள். தூரத்தில் தம்பி, கயிறுகள் வந்து சேர்கிற கைப்பிடிக் கம்பை இடுப்புப் பட்டையில் கொக்கி போட்டு மாட்டி, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். நாலு கயிறும் தரையைவிட்டு எழுந்து விறைத்தன. விர்ரென்று ஒரு மெல்லிய ஓசை கம்பி வழியாக ஓடி அவள் பல்லில் கூசியது.

பார்த்துவிட்டாள்.

அந்த ஆள் முழுக்கத் திரும்பியிருந்தான்.

முகம் வெயிலில் இருந்தது. வெயிலில் இருந்தும் முகம் தெரியவில்லை. தூக்கிய கைகள் அப்படியே. ஆனால் இப்போது கையில் ஏதோ இருந்தது. அவள் குனிந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். அவன் விரல்களிலிருந்து மெல்லிய கோடுகள் நேராகக் கேமராவை நோக்கி வந்தன. நாலு. விறைப்பாக. தம்பி அந்தக் கோடியில் எடையை மாற்றிச் சாய்ந்தபோது வராந்தாக் கயிறு நாலும் அதிர்ந்தன. படத்தில் இருந்த நாலும் அதிர்ந்தன.

கயிற்றைக் கழற்றணும். இப்பவே.

விரல் மரத்துப் போயிருந்தது. முடிச்சு இறுகியிருந்தது. ஒன்றுகூடக் கழலவில்லை. உப்பு வாடை. சாத்தின கதவுகளுக்கு அடியிலிருந்து காற்று. தரையோடு காற்று. படத்தில் அந்த ஆள் ஒரு கையை மட்டும் மெதுவாக எடுத்தான். சாப்பாட்டுக்குக்கூட எடுக்காத கை. அவளுக்கு நேராக நீட்டினான். கட்டைவிரலைத் தூக்கினான்.

"அக்கா, ஓகேவா?" என்றான் தம்பி, அந்தக் கோடியிலிருந்து, அலுப்போடு.

அவள் கண் படத்தில்தான் இருந்தது. வாய் வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தது. ஆனால் கை? இத்தனை வருஷம், இத்தனை கடற்கரை, அந்தக் கேள்விக்கு அந்தக் கை ஒரே ஒரு பதில்தான் சொல்லியிருக்கிறது. நாள் முழுக்க உழைத்த கை. யோசிக்கிற கை இல்லை அது.

கட்டைவிரல் மேலே போனது.

அந்த ஆள் கையை விட்டான்.

பெரிய துணி ஒன்று படாரென்று விரிந்த சத்தம். அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. சூடாக. மூச்சோடு.

திரும்பினாள். வராந்தா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை காலி. விளக்குகள் எரிந்தன. லிஃப்ட் பக்கம் ஒரு செருப்பு. இன்னொன்று அவள் காலடியில். ஜன்னல் கம்பி வெறுமனே இருந்தது. அந்தக் கம்பிகளுக்கு நடுவே ஒரு பூனை நுழைய முடியாது.

"தம்பி," என்றாள்.

ஃபோனில் கடற்கரை ஓடிக்கொண்டிருந்தது. மேலே, நல்ல வெயிலில், அவள் துடைத்து மடித்துப் பையில் வைத்த அந்தப் பட்டம். அதற்குக் கீழே, ரொம்பக் கீழே, வேலைக்குப் போன சட்டையோடு, வெறுங்காலோடு, காலில் பலகை இல்லாமல், தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு அவன். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. ஒரு கையால் கம்பைப் பிடித்திருந்தான். மற்ற கையால் தன் தலையில் தட்டினான். தட்டி, கரையைப் பார்த்தான். மறுபடி தட்டினான். என்னை இறக்கிவிடு என்பதற்கு அவர்கள் காட்டுகிற ஜாடை அது. கரையில் பார்த்துவிட்டு யாராவது ஓடி வந்து பட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

கரையில் நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஃபோனை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டு, பார்த்துட்டேன்டா, அக்கா பார்த்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தம்பி சின்னதாகிக்கொண்டே போனான். புள்ளி அளவுக்கு ஆன பிறகும், புள்ளிகளைப் பார்த்தே பழகிய அவள் கண்ணுக்கு, அந்தக் கை தலையில் தட்டுவது தெரிந்தது.