பதில் சொல்லாதவர்கள்

சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபக்ருன்னிசா குழாயைத் திறந்துவிட்டு மறக்கிறவள் அல்ல. அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், ஒரு குவளை வீணானாலும் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் நூர்முகமது, தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் நிரம்பி வழியும் சத்தமாகவும், பிறகு தரையில் ஓடும் சத்தமாகவும் மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிசா, கொழாய மூடு,” என்றார். பார்க்கின்சன் வந்த ஆறு வருஷத்தில் கைகால் மட்டுமா போயிற்று, குரலும் பாதியாகத் தேய்ந்துவிட்டது. அடுத்த அறைக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அவருக்கு எரிச்சலாக வந்தது. இப்போதெல்லாம் சொந்த உடம்பில் இருப்பதே அவருக்கு எரிச்சல்தான்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. கடப்பாக்கத்தில் நான்கு நாளாக விடாத மழை. கூடத்துக்குள் கழுவிய பாத்திரத் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம், ஈரச் சுவர் வாசனை, எங்கிருந்தோ கருவாட்டு வாசனை. இந்த மாதிரி மங்கலில்தான் அவர்கள் வருவார்கள். ஒருநாள் தொப்பி போட்ட ஒருவர், ஒருநாள் இரண்டு குழந்தைகள். வந்து உட்காருவார்கள், பார்ப்பார்கள், பேச மாட்டார்கள்.

செங்கல்பட்டு டாக்டர் ஞானதாஸ் நிதானமாக விளக்கியிருந்தார். கண் அனுப்புவது எப்போதும் கொஞ்சம்தானாம்; மீதியை மூளை தன்னிடமுள்ள பழைய சரக்கை வைத்து நிரப்பிக்கொள்கிறதாம். நிரப்பியது சரியா என்று பார்க்கவும் உள்ளே ஓர் இடம் உண்டு. கொடியில் தொங்குவது சட்டை, ஆள் இல்லை என்று அதுதான் திருத்தும். இந்த வியாதியில் அந்த இடம் தூங்கிப்போகிறது. நடக்க வைக்கிற மாத்திரையே அதை இன்னும் தூங்க வைக்கிறது. குறைத்தால் கால் நின்றுவிடும், கூட்டினால் ஆள் வருவார்கள். நாற்பது வருஷம் மதுராந்தகத்தில் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த நூர்முகமதுக்கு, தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் தாங்க முடியாத கடுப்பு.

போன மாதம் மானம் போயிற்று. ஐந்து பேர் வந்திருக்கிறார்கள் என்று ஐந்து டீ போடச் சொல்லி, காலி சோபாவுக்கு முன்னால் அவரே தட்டை நீட்டிக்கொண்டு நின்றதை எதிர்வீட்டு வெங்கடேசன் பார்த்துவிட்டார். நாவலூரிலிருந்து மகள் ஹாதியா வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் தன் பத்தாவது மாடி ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கூண்டில் சாவதா? இனி ஏமாறக் கூடாது என்று அன்றே அவர் முடிவு செய்துகொண்டார்.

யாரைப் பார்த்தாலும் விளக்கைப் போடுங்கள், கிட்டே போய்த் தொடுங்கள், பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார். முதல் இரண்டுக்கும் எழுந்திருக்க வேண்டும். நூர்முகமது மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் வந்தால் மனுஷன். வராவிட்டால் மூளை.

சமையலறை வாசலில் ஏதோ அசைந்தது.

ஃபக்ருன்னிசாதான். சுவரில் தோளைத் தேய்த்தபடி வந்து, நிலையைப் பிடித்து, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். புடவையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. அவரையே பார்த்தாள்.

“இன்னா?” என்று கேட்டார்.

பதில் இல்லை.

“நிசா, இன்னா வோணும்?”

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணியது. சத்தம் வரவில்லை. நூர்முகமதுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால்கூட இவள் ஜன்னலோரம் நின்றாள். உண்மையான ஃபக்ருன்னிசா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். இப்போது மனைவி வேஷத்திலேயே வர ஆரம்பித்துவிட்டார்களா? போகட்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறைவன் பெயரை முணுமுணுத்து திக்ரு செய்தார். தரையில் இருந்தது ஒரு கையை மட்டும் அவர் பக்கம் நீட்டியது, கீழே போட்டது, மறுபடி நீட்டியது. அவர் அசையவில்லை. முதல் தடவையாக ஜெயித்துவிட்டோம் என்று உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டீயும் மாத்திரையும்தான் வரவில்லை. அதற்கும் நிசாவை மனதுக்குள் திட்டினார்.

இருட்டிக்கொண்டு வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. நடுங்கும் விரலால் எப்படியோ அழுத்தினார். ஹாதியா. அம்மா போனை எடுக்கவில்லை என்றாள்.

“கிச்சன்ல இருப்பா. கொழாய தொறந்துவுட்டுட்டு எங்க போனாளோ தெர்ல,” என்றவர், பெருமை தாங்காமல் சொன்னார். “இன்னிக்கு ஒண்ணு வந்துகீது ஹாதி. அச்சு அசலு உங்கம்மா மாதிரியே. தரையில ஒக்காந்துகினு என்னையே பாக்குது. நான் கண்டுக்கவே இல்லியே.”

ஹாதியாவின் குரல் சட்டென்று மாறியது.

“அத்தா. அது பேசுதா? வாய் கோணிகினு கீதா?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“எவ்ளோ நேரமா அத்தா?”

வெளியே அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு தொடங்கியது.

அஸரிலிருந்து இவ்வளவு நேரம். வெங்கடேசன் மாமாவை அனுப்புகிறேன், கதவைத் திறந்து வையுங்கள் என்று ஹாதியா அழுதுகொண்டே சொன்னாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மத்தியானம் அவரே போட்ட தாழ்ப்பாள்.

நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். எழ முடிந்தது. கால் நகரவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கிய கால். தரையில் ஒட்டிய கால். ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு. முழங்கால் உதறியது, பாதம் அசையவில்லை. தண்ணீர் சமையலறையைத் தாண்டி வந்து அவர் விரல்களைத் தொட்டது. ஜில்லென்று. உண்மையான தண்ணீர்.

“நிசா,” என்றார். “மன்னிச்சுடு நிசா. நான் உன்ன...”

அவள் அவரைப் பார்க்கவில்லை.

பார்வை அவர் தோளைத் தாண்டி, பின்னாலிருந்த காலி சோபாவில் போய் நின்றிருந்தது. அவரால் திரும்ப முடியவில்லை. கழுத்தும் நின்றுவிட்டிருந்தது. வெங்கடேசன் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் குலுங்கியது. திறக்கவில்லை.

ஃபக்ருன்னிசாவின் இடது கை எழுந்தது. ஈரத்தில் கிடந்த முந்தானையைத் தேடியது. பிடித்தது. அறியாத ஆண் யாராவது வீட்டுக்குள் வந்துவிட்டால் இழுப்பாளே, அதேபோல அவசரமாக இழுத்து, முக்காடு போட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.