பிளாப்பியில் கண்ணகியின் வீடு

"பத்தே முக்கால் ஆச்சு! பதினொண்ணுக்குக் கரண்ட் போயிடும்!" வகுப்பு வாசலில் காவல் நின்ற மாணவி தையலம்மாள் கத்தினாள்.

வில்லியனூர்ப் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தெருத்தெருவாக அலைந்து, ஊரில் உள்ள முப்பத்தெட்டுக் கிணறுகளையும் பட்டியல் போட்டு அதில் அடித்திருந்தார்கள். எதில் எவ்வளவு தண்ணீர், எதில் ஆமை இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலைப் பிளாப்பி என்கிற சின்னத் தகட்டில் ஏற்றி, பதினோரு மணி பஸ்ஸில் பாண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். விஜயகுமாரி டீச்சர் கைப்பையோடு தயாராக இருந்தார்.

ஆனால் பிளாப்பி மாட்டேன் என்றது. இடம் இல்லையாம்!

"நேத்துகூட இடம் இருந்துச்சே! இன்னா பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

வகுப்பே தலையைக் குனிந்தது. 'எம்.டி.' என்ற கட்டளையை அடித்து ஒரு பெயர் கொடுத்தால், கோப்புகளைப் போட்டு வைக்கப் பிளாப்பிக்குள் தனி இடம் ஒன்று உண்டாகும். பிள்ளைகள் அதற்கு வீடு என்று பெயர் வைத்து, ஆளாளுக்குக் கட்டித் தள்ளியிருந்தார்கள். காலி வீடும் இடத்தை அடைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

டீச்சர் கணக்குப் பார்த்தார். "ஏழு வூட்ட இடிச்சாத்தான் பட்டியல் ஏறும். யாரு தர்றீங்க?"

எல்லார் கண்ணும் கண்ணகி மேல் போனது. வகுப்பிலேயே பெரிய வீடு அவளுடையதுதான். வீட்டுக்குள் கூடம், கூடத்துக்குள் அறை, அறைக்குள் அலமாரி, அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் டப்பா. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சமம், மொத்தம் ஆறு. அத்தனையும் காலி!

கண்ணகிக்கு அழுகை முட்டியது. மூன்று நாள் மத்தியானச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து கட்டிய வீடு அது. ஆனால் முப்பத்தெட்டாவது கிணற்றைப் பார்க்கப் போய் முள்வேலியில் பாவாடையைக் கிழித்துக்கொண்டவளும் அவள்தான்.

"என் வூட்ட நானே இடிக்கிறேன், டீச்சர்."

வீட்டை இடிக்கிற கட்டளையான 'ஆர்.டி.'யை அடித்து வீட்டின் பெயரைக் கொடுத்தாள். உள்ளே ஏதோ இருக்கிறது, முடியாது என்றது கம்ப்யூட்டர்.

"நான் ஒண்ணுமே வைக்கலியே!" என்று பதறினாள். உடனே நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, கூடம் உள்ள இருக்குதே! டப்பாலேர்ந்து ஆரம்பிக்கணும்!"

டப்பா போனது. பெட்டி போனது. அலமாரி, அறை, கூடம்... வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்தி எண்ணியது. கடைசியில் வீடும் போனது.

"ஆறு! இன்னும் ஒண்ணுதான்!"

"நகரு கண்ணகி. என் வூட்ட எடுத்துக்கோ," என்று பாய்ந்து வந்தான் மாரிமுத்து. தட்தட்டென்று அடித்தான். முடியாது என்றது கம்ப்யூட்டர்.

"உள்ள இன்னாடா வச்சிருக்க?" என்றாள் கண்ணகி.

மாரிமுத்துவின் காது சிவந்தது. "எங்க கன்னுக்குட்டிக்கு ஒரு லெட்டர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணகி மட்டும் சிரிக்கவில்லை. "ஆள் இருக்கற வூட்ட இடிக்க வேணாம்டா. தையலு, உன்னுது?"

"காலிதான்! இடி, இடி!"

ஏழு! டீச்சர் பட்டியலை ஏற்றினார். கம்ப்யூட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. ஏறிவிட்டது!

டீச்சர் பிளாப்பியை உருவியதும் மின்விசிறி நின்றது, திரை இருண்டது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் ஓடினார், பின்னாலேயே மொத்த வகுப்பும் ஓடியது. முப்பத்தெட்டுக் கிணறுகளும் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போயின.

புழுதி அடங்கியதும் கண்ணகி மெதுவாகச் சொன்னாள். "எல்லாருக்கும் வூடு இருக்கு. எனக்கும் தையலுக்கும்தான் இல்ல."

மாரிமுத்து யோசித்தான். "எங்க வூட்டுக்கு வந்துடுங்க ரெண்டு பேரும். கன்னுக்குட்டி கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கும்."